மாப்பிள்ளை பூட்ஸ்

அந்தப் பையக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி வையி தாயி. கருவாடுதான? இல்லேங்காத, எனக்கும் மூக்கு இருக்குல்ல. கொண்டு போறது ஒன் இஷ்டம், தப்புச் சொல்லல. என் காலுக்கிட்ட மட்டும் வேணாம். மீன் வாடை எனக்கு ஆகாது. பொறந்ததுல இருந்தே ஆகாதுன்னு நெனச்சிராத. கம்மாத் தண்ணி குடிச்சு வளந்த ஒடம்பு இது. கொழம்புல கெடக்குற விரால் தலைய இன்னொருத்தருக்கு விட்டுக் குடுத்ததே இல்ல நான். இந்த வைகாசிக்குப் பெறகுதான் வாடை பட்டாலே கொமட்டிக்கிட்டு வருது.

ஆங், அப்படி வையி. சன்னலையும் தொறந்து விடு. நான் காலைத் தூக்கி மடிச்சு உக்காந்துக்கிறேன், ஒனக்கு இடைஞ்சல் இல்லையே? செருப்பு அடியில கெடக்கட்டும்.

மதுரைக்குத்தான். பெரியாஸ்பத்திரிக்கு. எனக்கு ஒண்ணுமில்ல, நான் கல்லுமாதிரி இருக்கேன். மருமகப்பிள்ளையப் பாக்கப் போறேன். நாளைக்கு அவருக்குக் கால்ல ஆபரேசன். சுண்டு விரலையும் அதுக்குப் பக்கத்து விரலையும் எடுக்கணும்ங்கிறாக. எடுத்தா அதோட நிக்குமாம், விட்டா மேல ஏறுமாம். வலது காலு. பள்ளிக்கூட வேன் ஓட்டுற ஆளு அவரு. பிரேக்க மிதிக்கிற காலு அதுதான? விரல் போன காலை வச்சுக்கிட்டு எந்தப் பள்ளிக்கூடத்துல பிள்ளைகள நம்பி ஏத்தி விடுவாக, சொல்லு. எம்மக வினோதினியக் கட்டிக் குடுத்து இன்னும் வருசம் திரும்பல.

என்ன ஆச்சுன்னா, பாம்பு. எங்க ஊரு மீன்பிடிக்கு வந்த எடத்துல பாம்பு கடிச்சுருச்சு. அதச் சொன்னா வாயெல்லாம் கசக்குது. சொல்லாம இருந்தா அதவிடக் கசக்குது. பஸ்ஸு மேலூரு தாண்டுறதுக்குள்ள சொல்லி முடிச்சிர்றேன், நீ எந்த ஊருப் பிள்ளையோ, யாருகிட்டப் போயிச் சொல்லப் போற.

எங்க ஊரு சிங்கம்புணரிக்கு மேக்க. கோடையில கம்மாத் தண்ணி முட்டளவுக்கு வத்துனதும் ஊரே ஒரு நாளைக்கு எறங்கி மீன் புடிக்கும். காலையில கரையில இருக்கிற கருப்பனுக்குத் தேங்கா ஒடச்சு, எங்க ஊருப் பெரியவுக சேவுகன் அம்பலம் கரை மேல நின்னு வெள்ளைத் துண்டை வீசுவாக. வீசுன ஒடனே ஆம்பள பொம்பள அம்புட்டுப் பேரும் உள்ள பாய்வாக. வலையெல்லாம் கொஞ்சந்தான். ஊத்தாதான் நெறைய. ஊத்தான்னா கம்புல பின்னுன கூடை, அடியும் தொறப்பு, மேலயும் தொறப்பு. சேத்துல பொத்துன்னு குத்தி, மேல வழியாக் கைய விட்டுத் துழாவணும். மீன் உள்ள மாட்டியிருந்தா கையில முட்டும். கைதான் அங்க கண்ணு. புடிச்ச மீனை விக்கக் கூடாது. ஆக்கி, வந்த சொந்தபந்தத்துக்குப் போட்டு, நாமளும் திங்கணும்.

செருப்புக் காலோட கம்மாய்க்குள்ள எறங்கக் கூடாது. அது எங்க ஊருக் கட்டு. அப்பறம் இன்னொண்ணு. அந்த வருசம் எந்தெந்த வீட்டுல பொண்ணு கட்டிக் குடுத்தாகளோ, அந்த வீட்டு மாப்பிள்ளைக அம்பலத்துக்குப் பக்கத்துல வரிசையா நிக்கணும். மொத ஊத்தா அவுக குத்துறது. எந்த மாப்பிள்ளை என்ன மீன் எடுத்தாருன்னு அடுத்த வருசம் வரைக்கும் பேசுவாக. கொழாயடியில எங்க காதுபடப் பேசுவாக. ஒனக்கு இதெல்லாம் வெளையாட்டாத் தெரியும். அந்த ஊருக்குள்ள இருந்து பாத்தாத்தான் தெரியும்.

எங்க மாப்பிள்ளை அசலு, சொந்தம் இல்ல. கரூருப் பக்கம். என் தம்பி மகன் ஒருத்தன் இருந்தான், ஊத்தா குத்துறதுல அவன மிஞ்ச ஆள் கெடையாது, குனிஞ்சான்னா விராலோடதான் நிமிருவான். அவனுக்குத்தான் குடுக்கணும்னு நின்னேன். எங்க வீட்டுக்காரரு, 'படிச்ச பிள்ளை, குடி இல்ல, நிதானமா வண்டி ஓட்டுற ஆளு'ன்னு இவருக்கு முடிச்சுட்டாரு. நிதானம். அந்த நிதானத்தைத்தான் அன்னைக்குப் பாத்தமே.

மொத நாள் சாயங்காலமே ரெண்டு பேரும் வந்துட்டாக. நான் ஆட்டுக்கறி எடுத்து ஆக்கி வச்சுருக்கேன். மாப்பிள்ளை பையத் தொறந்து ஒவ்வொண்ணா எடுத்து வைக்கிறாரு. மொழங்கை வரைக்கும் ஒறை. ஒரு டார்ச் லைட்டு. நெஞ்சு ஒசரத்துக்கு ஒரு கம்பு. கையில புடிக்கிற சின்ன வலை. கடைசியா பூட்ஸு. சிமிண்டு கலக்குறவுக போடுவாகளே, முட்டங்கால் வரைக்கும் ரப்பர்ல, அது. கருப்பா ரெண்டு தூக்கி எங்க நடு வீட்டுல நிறுத்தி வச்சாரு. அந்த ரப்பர் வாடை இருக்கே, எங்க கறி வாடைய அமுக்கிருச்சு. பாக்கவே அருவருப்பா இருந்துச்சு எனக்கு.

'இது என்னத்துக்கு மாப்பிள்ள?'ன்னு எங்க வீட்டுக்காரரு கேட்டாரு. அம்புட்டுத்தான், ஆரம்பிச்சுட்டாரு. 'மாமா, கம்மா வத்தும்போது தண்ணி தேடி எல்லாப் பாம்புந்தான் வரும். தண்ணிக்குள்ள கெடந்தா தண்ணிப் பாம்புன்னு சொல்லிக் கையால எடுத்து வீசக் கூடாது. கோரை மண்டுன எடத்துல கம்பால தரையத் தட்டிக்கிட்டே போனா அதுவா ஒதுங்கிரும். ஊத்தாவுக்குள்ள வெறுங்கைய விடாம இந்த வலையால கோரணும். நண்டு வளையில கைய விடவே கூடாது.' சோத்துல கைய வச்சுக்கிட்டுப் பேசுறாரு. 'மீன் பையக் கரையில வாயத் தொறந்து போட்டு வைக்கக் கூடாது மாமா, பெறகு எடுக்கும்போது உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. செருப்போ பூட்ஸோ, எதையும் கவுத்துத் தட்டாம போடக் கூடாது.' எங்க வீட்டுக்காரரு ஆமா ஆமான்னு தலையாட்டுறாரு. நாப்பது வருசமா அந்தக் கம்மாய்க்குள்ள வெறுங்காலோட கெடந்த மனுசன்.

சொன்னதோட விட்டாரா. கொல்லைக்குப் போகணும்னா வாசல்ல கெடக்குற செருப்ப எடுத்துக் கவுத்து டொப் டொப்புன்னு தட்டுவாரு. போயிட்டு வந்து கழட்டுவாரு, மறுபடி தண்ணி குடிக்கப் போகணும்னா மறுபடி தட்டுவாரு. என்னமோ எங்க வீடு பாம்புப் புத்து மாதிரி. எதுத்த வீட்டுல அம்பலம் சம்சாரம் இருந்து பாத்துக்கிட்டே இருக்கா. 'ஒங்க மாப்பிள்ளை செருப்புக்குத் தாளம் போடுறாரு'ன்னு சிரிக்கிறா. அந்தச் சிரிப்பு எனக்கு நெஞ்சுல ஏறி நின்னுருச்சு.

நான் அடுப்படியில மசாலா அரைச்சுக்கிட்டு இருந்தப்ப நெலைக்கிட்ட வந்து நின்னாரு. எங்க பக்கம் மருமகன் மாமியாரு மொகம் பாத்துப் பேசுற பழக்கம் கெடையாது, அவருக்கு அது தெரியாது. 'அத்தை, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க அப்பா வாய்க்கால்ல மீன் புடிக்கப் போயித்தான் போனாரு. நண்டு வளைன்னு கைய விட்டாரு. கயித்தால இறுக்கிக் கட்டி, வேப்பெல திங்கக் குடுத்து, மந்திரிக்கக் கொண்டு போயி, அங்கயே முடிஞ்சுபோச்சு. அப்ப எனக்கு விவரம் பத்தல. அதான் இப்படி'ன்னாரு. நல்ல நாளும் அதுவுமா எங்க அடுப்படியில நின்னு சாவுக் கதை. எனக்குச் சொரேர்னு வந்துச்சு. 'அது அவுக விதி மாப்பிள்ள'ன்னேன்.

பாம்பு திங்கிற ஊருக்குப் போனா நடுத்துண்டம் நம்மளுதுன்னு இருக்கணும். பெரியவுக சும்மாவா சொல்லி வச்சாக. எங்க ஊருக்கு வந்தா எங்க ஊரு மாதிரி இரு. ஊரே கரையில நிக்கும், மத்த மாப்பிள்ளைக வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வெறுங்காலோட நிப்பாக, இவரு மட்டும் பூட்ஸும் ஒறையுமா, கையில கம்போட நிக்கிறதா? அம்பலம் என்ன சொல்லுவாக? கருப்பன் என்ன சொல்லுவான்? பூட்ஸு இல்லேன்னா வெறுங்காலோட எறங்கித்தான ஆகணும்னு நெனச்சேன். இருட்டுனதும் எல்லாரும் டிவி பாத்துக்கிட்டு இருந்தாக. ரெண்டு பூட்ஸையும் தூக்கிக் கொண்டு போயி மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால வெறகு அடுக்கியிருக்குல்ல, அதுக்குச் சந்துல சொருகி வச்சேன். தூக்கும்போதே கையி வழுவழுன்னு இருந்துச்சு. சாம்பலப் போட்டுக் கையத் தேச்சுக் கழுவுனேன்.

விடிஞ்சதும் தேடுறாரு. 'அத்தை, என் பூட்ஸப் பாத்தீங்களா?' நான் கேக்காத மாதிரி மாட்டுக்குத் தண்ணி வச்சுக்கிட்டு இருந்தேன். வினோதினி வீடெல்லாம் பொரட்டுறா. அங்கிட்டுக் கம்மாக்கரையில கொட்டு அடிக்க ஆரம்பிச்சுட்டாக. 'சரி விடுங்க மாப்பிள்ள, ஒரு நாளைக்கு வெறுங்காலோடதான் வாங்களேன்'னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. அதுக்கு அந்த ஆளு என்ன சொன்னாரு தெரியுமா? கோவமே இல்லாம, 'மன்னிச்சுக்கங்க மாமா, அது இல்லாம நான் எறங்க மாட்டேன், கரையில நின்னு வேடிக்கை பாத்துக்கிறேன்'னாரு. மாப்பிள்ளை வரிசையில எங்க வீட்டு எடம் காலியாக் கெடக்கும். பூட்ஸு போட்டு நிக்கிறதவிட அது கேவலம் இல்லையா? வாசல்ல அம்பலம் வீட்டு ஆளு வந்து நின்னுக்கிட்டு, 'என்ன, மாப்பிள்ளை கெளம்பியாச்சா'ன்னு கேக்குறான்.

எனக்கு வேற வழி இல்ல. ஓடிப்போயி வெறகுச் சந்துல இருந்து உருவி எடுத்துக்கிட்டு வந்தேன். 'பிள்ளைக வெளையாட்டுக்குத் தூக்கிப் போட்டுருக்குக'ன்னு சொல்லி அவரு முன்னால வச்சேன். திட்டுல உக்காந்து மாட்டுனாரு. இடது கால் உள்ள போச்சு. வலது கால விட்டவரு, அப்படியே வெறச்சுப் போயிட்டாரு.

கத்தல. அதுதான் எனக்கு இன்னும் ஆறல. கடிபட்டவன் அலறணும் தாயி. அலறுனா நாமளும் மாருல அடிச்சு அழலாம். இவரு பல்லக் கடிச்சுக்கிட்டு காலை வெளிய உருவுனாரு. பூட்ஸ எட்டித் தள்ளுனாரு. உள்ள இருந்து வழுக்கி விழுந்துச்சு, கண்ணாடி விரியன் குட்டி. என் மொழங்கை நீளம்கூட இல்ல. முதுகுல சங்கிலி கோத்த மாதிரி வட்ட வட்டமா. வெறகுக்குள்ள கெடந்தது, பூட்ஸு கதகதன்னு கெடச்சதும் உள்ள போயிப் படுத்துருச்சு போல.

அந்த நேரத்துலயும் வகுப்பு எடுக்குறாரு. 'மாமா, பாம்புக்கிட்டப் போகாதீங்க, அடிக்க வேணாம், அது போகட்டும். நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க.' எங்க கொழுந்தனாரு கயித்தத் தூக்கிட்டு வந்தாரு. 'கட்டாதீங்க, எங்கப்பாவுக்கும் கட்டித்தான்'னாரு. பிளேடு எடுத்து வந்தவனையும் கிட்ட விடல. 'நடக்க வைக்காதீங்க, காலை அசைக்காம கட்டில்ல வச்சுத் தூக்குங்க'ன்னாரு. மொகம் வேர்த்துக் கொட்டுது, வாயி மட்டும் நிதானமாப் பேசுது. காலு எங்க கண்ணு முன்னாலயே வீங்குது. கட்டிலோட நாலு பேரு தூக்கி ரோட்டுக்குக் கொண்டு போனாக. எம்மக பின்னால ஓடுறா, காலுல செருப்புக்கூட இல்ல.

ஊரு என்ன பண்ணுச்சுங்கிற? துண்ட வீசிருச்சு. நேரம் பாத்து வச்சது, மாத்த முடியாதாம். அம்புட்டுப் பேரும் எறங்கி, கோரைக்குள்ளயும் சேத்துக்குள்ளயும் வெறுங்காலோட வெறுங்கையோட துழாவிட்டு, சட்டி சட்டியா மீனோட ஏறி வந்துட்டாக. ஒருத்தருக்கு ஒரு முள்ளுக் குத்தல. அம்பலம் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, 'செருப்போட எறங்க நெனச்சதுக்கு, எறங்குறதுக்கு முன்னாலயே கருப்பன் காட்டிக் குடுத்துட்டான் பாத்தியா'ன்னாக. நானும் ஆமான்னுதான் சொன்னேன். பின்ன? பூட்ஸு போடாத ஊருல யாரையாச்சும் கடிச்சுச்சா? பூட்ஸுன்னு ஒண்ணு இல்லேன்னா அந்தப் பாம்பு எங்க போயி ஒளியும், யாரு கால கடிக்கும்? நீயே சொல்லு. பாதுகாப்பு பாதுகாப்புன்னு கொண்டாந்தாரே, அந்தப் பாதுகாப்புதான் கடிச்சுச்சு.

வீட்டுல வெளியூரு ஒறம்பரை வேற. எம் பெரிய நாத்தனா குடும்பம், எங்க வீட்டுக்காரரு சித்தப்பா மக்க. மீன்பிடின்னு வந்தவுக, சோறு போடாம அனுப்ப முடியுமா? மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாருன்னு சொன்னா, 'எல்லாம் சரியாப் போகும் மதினி, மீன கழுவுங்க, கெட்டுப்போகும்'ங்கிறாக. யாரோ எங்க வீட்டுக்குன்னு ஒரு கோணிப்பை நெறைய மீன் குடுத்து விட்டுருந்தாக. கோணி வாய அவுத்துக் கைய விட்டேன். உள்ள ஒண்ணு என் மணிக்கட்டச் சுத்துச்சு. விலாங்கு மீனு. வெறும் விலாங்கு. நூறு தடவ அரிஞ்சிருக்கேன். அப்படியே திரும்பி ஒக்காந்து வாந்தி எடுத்தேன். நாத்தனாதான் ஆக்குனா. அம்புட்டுப் பேரும் முள்ள உறிஞ்சி உறிஞ்சித் தின்னாக. 'இந்த வருசம் விராலு நல்ல கொழுப்பு'ன்னு சொல்லிக்கிட்டே தின்னாக. த்தூ. எனக்கு அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

அன்னைக்கு விட்டதுதான் மீனு.

ஆஸ்பத்திரியில ரத்தத்தக் குப்பியில எடுத்து வச்சு, ஒறையல ஒறையலன்னு மருந்து ஏத்தி ஏத்தி, உசுரு தங்கிருச்சு. கட்டாம, வெட்டாம, நேரா வந்ததுதான் நல்லதுன்னு டாக்டரம்மா சொல்லுச்சாம். ஆனா கடிபட்ட எடம் கருத்துப் போச்சு. சீழு வைக்குதாம். எங்க வீட்டுக்காரரு தெனம் போயிட்டு வந்து அந்தக் கட்டு மாத்துற கதையச் சொல்லுவாரு, நான் காதப் பொத்திக்கிருவேன். இல்ல, நான் இன்னும் போகல. மாடு செனை. வெதைக்கு ஆளு தேடணும். வீட்ட யாரு பாக்குறது? இன்னைக்குத்தான் போறேன்.

அந்தப் பூட்ஸ நான் குப்பையில கொண்டு போயிப் போட்டேன். எங்க வீட்டுக்காரரு எடுத்தாந்து கழுவி, வாசல்ல ரெண்டு கம்பு நட்டு, அதுல கவுத்து மாட்டி வச்சுருக்காரு. 'இப்படி வச்சா உள்ள எதுவும் போகாது, மாப்பிள்ளை சொன்னது'ங்கிறாரு. விடிஞ்சு எந்திரிச்சு வாசத் தெளிக்க வந்தா அது ரெண்டும் தலைகீழா நிக்குது. அதுக மொகத்துலதான் முழிக்கிறேன் தெனமும்.

வினோதினி போன் போட்டா அவர வையிறா. 'ஊருக்கெல்லாம் தட்டு தட்டுன்னு சொன்னவரு அன்னைக்கு மட்டும் தட்ட மறந்துட்டாரேம்மா'ன்னு அழுகுறா. டாக்டரு கேட்டப்பவும் அப்படித்தான் சொன்னாராம், 'அவசரத்துல தட்ட மறந்துட்டேன்'னு. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் அதையேதான் சொன்னாராம். ஊரெல்லாம் அதுதான் பேச்சு, தட்டச் சொன்ன மாப்பிள்ளை தான் தட்டல. அம்பலம் சம்சாரம் அதுக்கும் சிரிக்கிறா.

பொய்யி தாயி. சுத்தப் பொய்யி. அந்த ஆளு மறக்கிற ஆளா? நல்லா ஞாபகம் இருக்கு எனக்கு. பூட்ஸ நான் முன்னால வச்சேன்ல, குனிஞ்சு எடுத்துக் கவுக்கப் போனாரு. வாசல்ல அம்பலம் வீட்டு ஆளு நிக்கிறான். கொட்டுச் சத்தம் ஏறுது. இனிமே ஆற அமர டொப் டொப்புன்னு ரெண்டையும் தட்டி, அத அவன் பாத்துட்டுப் போயி கரையில சொல்லி, ஊரே சிரிச்சு. எனக்குப் பொறுக்கல. 'நான் தட்டிட்டேன் மாப்பிள்ள, போடுங்க'ன்னேன். ஒரு நிமிசம் என் மொகத்தப் பாத்தாரு. 'சரிங்கத்தை'ன்னாரு. போட்டாரு.

என்ன பாக்குற. தட்டுனேனான்னு கேக்குறியா? இருந்த அவசரத்துல எவ தட்டுவா?

அவருக்குப் புத்தி எங்க போச்சுங்கிறேன். தட்டுற ஆளு, யாரு சொன்னாலும் தட்டணுமா இல்லையா? பெத்த அப்பன பாம்புக்குக் குடுத்தவன், மாமியாக்காரி சொல்லிட்டான்னு மரியாதைக்குத் தலைய ஆட்டிட்டுக் கால உள்ள விட்டுர்றதா? அப்படி ஒரு மரியாதை யாருக்கு வேணும்? அதத்தான் நெனைக்க நெனைக்க எனக்கு வெறுப்பா இருக்கு. கட்டில்ல தூக்கிட்டுப் போறப்பவாச்சும் 'ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க'ன்னு கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். சண்டை போட்டு முடிஞ்சிருக்கும். இவரு, மறந்துட்டேன்னு பொய்யச் சொல்லி வாய மூடிக்கிட்டாரு. எம்மககிட்டச் சொல்லல. எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லல. எல்லாருகிட்டயும் வசவு வாங்கிக்கிட்டுப் படுத்துக் கெடக்காரு. இப்படியும் ஒரு மனுசன் உண்டா?

நேத்து வினோதினி போன்ல சொல்றா, 'ஆபரேசனுக்கு முன்னால அத்தையப் பாக்கணும்ங்கிறாரும்மா. மனசுல எதையும் வச்சுக்க வேணாம், வந்துட்டுப் போகச் சொல்லுங்கிறாரு. எதைம்மா மனசுல வச்சுருக்க?'ங்கிறா. நான் என்ன சொல்றது? 'அவருக்கு மீன் கொழம்பு வச்சுக் குடுக்க முடியலையேன்னுதான்டி'ன்னேன். அதுக்கு அவ அழுதா. எங்கம்மாவுக்கு எம் புருசன் மேல எம்புட்டுப் பாசம்னு.

போயி எப்படித் தாயி அவரு முன்னால உக்காருறது? கட்டுப் போட்ட காலு நேரா என் பக்கம் நீட்டியிருக்கும். வினோதினி பக்கத்துல நிப்பா. 'எப்படி இருக்கீங்க மாப்பிள்ள'ன்னு கேக்கணும். 'நல்லாருக்கேன் அத்தை'ன்னு அந்த நிதானத்தோட சொல்லுவாரு. அந்தக் கொரல நெனச்சாலே ஒன் கருவாட்டு வாடையக் காட்டியும் கொமட்டுது. திட்டுனா வாங்கிக்கிருவேன். வினோதினிகிட்டச் சொல்லிப்புட்டாலும் சரி, அவ என்னைத் தலை முழுகட்டும், ஒரு வழியாப் போகும். மனசுல வச்சுக்க வேணாமாம். இவரு யாரு எனக்குச் சொல்றதுக்கு?

ஆங், ஆஸ்பத்திரியா? நிறுத்தச் சொல்லு, நிறுத்தச் சொல்லு. கண்டக்டர் தம்பி, வயசானவ எறங்கணும்ல, செத்த பொறு.

தாயி, எனக்குக் குனிய முடியல, அடியில என் செருப்பு கெடக்கும் பாரு. எடுத்து ஒரு தட்டுத் தட்டிக் குடு. பஸ்ஸுக்குள்ள எங்கிட்டுப் பாம்பு வரும்னு எனக்கும் தெரியும், சிரிக்காத. தட்டிக் குடு.

என்னது, தட்டிட்டியா? எப்பத் தட்டுன, நான் பாக்கலையே. தட்டிட்டேன்னு வாயால சொல்லாத தாயி. கவுத்துப் புடி. நான் பாக்கத் தட்டு.